கீழடியில் கண்டதும் பொட்டிபுரத்தில் தேடியதும்

நம் போடி மலைச்சரிவில் மழை பொழிந்தால் கொட்டக்குடி ஆறு செந்நீரோடு பெருகி வருவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்த நீர் எங்கே போகிறது என்று புவியியல் வகுப்பில் கேட்டால், "வைகையில் கலக்கிறது" என்று ஒரே குரலில் விடை சொல்லி உட்கார்ந்துவிடுவோம். அதற்கு மேல் அந்த நீரைப் பின்தொடர்ந்து போனவர் நம்மில் எவரும் இல்லை. இவ்வாண்டு வரலாற்று மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் அவ்வாறு போய் வந்தோம். வைகை மதுரையைக் கடந்து கிழக்கே திரும்பும் பக்கத்தில், மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கீழடி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 2023 மார்ச் 5-ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைக் காண்பதே எங்கள் பயணத்தின் நோக்கம்.

காலை ஐந்தரை மணிக்கே பள்ளி வளாகத்தில் கூடிவிட்டோம். செபம் முடிந்து பேருந்து புறப்பட்டது. புளிச்சோறும் துவையலும் மணக்க மணக்க, பாட்டும் சிரிப்புமாகத் தேனியைத் தாண்டினோம். எங்களுள் பொட்டிபுரத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி மட்டும் பாட்டில் சேராமல், மடியில் ஒரு கைக்குட்டை முடிச்சை வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பானை ஓடு. உட்புறம் கன்னங்கரேலென்றும் வெளிப்புறம் சிவப்பாகவும் இருந்தது. அவள் வீட்டு மாடக்குழியில் பல ஆண்டுகளாகக் கிடந்ததாம். "அருங்காட்சியகத்திலே காட்டி, இது எத்தனை ஆயிரம் வருசத்துப் பானை என்று கேட்கப் போகிறேன்" என்றாள். எங்களுக்கும் ஆவல் பற்றிக்கொண்டது. பொட்டிபுரம் என்றால் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கென 2015-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மலையின் அடிவார ஊர் என்றுதான் வெளியூரார் அறிவர். மலையைக் குடைவது பற்றி எழுந்த வாதங்களை நாமும் கேட்டு வளர்ந்தோம். அதே ஊரின் புஞ்சையில், ஒரு முழ ஆழத்தில், இப்படி ஒரு செய்தி கிடக்கும் என்று யார் நினைத்தோம்!

ஆண்டிபட்டிக் கணவாயைப் பேருந்து நெருங்கியபோது எங்கள் வரலாற்று ஆசிரியை அருட்சகோதரி எழுந்து நின்று, "பிள்ளைகளே, கீழடிக்குப் போகுமுன் நம் மாவட்டத்துக்கு ஒரு வணக்கம் செலுத்திவிட்டுப் போங்கள்" என்றார். பிறகு அவர் சொன்ன செய்தி எங்களுள் பலருக்குப் புதியது. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில், புலிமான்கோம்பை என்று ஓர் ஊர் உண்டு. 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கா. இராசன் குழுவினர் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டனர். வீரனின் உருவம் செதுக்காத கற்கள் அவை. அவற்றில் எழுத்து மட்டுமே உண்டு. அதுவும் தமிழி என்றும் தமிழ் பிராமி என்றும் அழைக்கப்படும் மிகப் பழைய எழுத்து. ஒரு கல்லில் உள்ள வரி இதுதான்: 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்'. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் உயிர்விட்ட, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனுக்கு நட்ட கல் என்று அறிஞர் பொருள் கூறுகின்றனர். 'ஆகோள்' என்ற சொல் தொல்காப்பியத்தில் உள்ள சொல். இலக்கண வகுப்பில் வெட்சித் திணை என்று மனப்பாடம் செய்தோமே, அது நம் மாவட்டத்து மண்ணில் ஒருவன் சாவாகக் கல்லில் நிற்கிறது! கல்லின் காலம் கி.மு. நான்காம் நூற்றாண்டு என்று இராசன் கருதுகிறார். இன்னும் சற்றுப் பிந்தியது என்பாரும் உளர். கம்பம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் இருப்பதை எண்ணி, அந்தவன் மாடு பிடிக்கப் போனது அங்கேதானோ என்று பேருந்துக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. தீர்ப்புச் சொல்வதற்குள் உசிலம்பட்டி வந்துவிட்டது.

கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றங்களும் தூண்களுமாக, ஏறத்தாழ 31,000 சதுர அடியில் கட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் எதையோ வைத்து 'தொடாதே' என்று எழுதிய இருட்டறையை எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்கு, வெளிச்சமும் காற்றும் நிறைந்த அந்த வீடு முதல் வியப்பு. வேளாண்மை, நீர், மட்கலம், நெசவு, அணிகலன், கடல் வணிகம், அன்றாட வாழ்வு எனப் பொருள்வாரியாகக் கூடங்கள் அமைந்துள்ளன.

கண்டவை எல்லாவற்றையும் எழுதினால் இந்த மலர் முழுவதும் எமக்கே வேண்டும். ஆகையால் எங்கள் கால்கள் நகர மறுத்த இடங்களை மட்டும் சொல்கிறோம். முதலாவது, விளையாட்டுப் பொருள்கள். யானைத் தந்தத்தில் செய்த பகடை, சுட்ட மண்ணால் ஆன ஆட்டக் காய்கள், உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள்! நாம் மதிய இடைவேளையில் கட்டம் கீறி நொண்டியடித்து ஆடுகிறோமே, அதே சில்லுதான். அதைத் தேய்த்து வைத்த சிறுமி கி.மு.வில் வாழ்ந்தவள் என்பதை நம்ப எங்களுக்குச் சிறிது நேரம் பிடித்தது. அடுத்து நூல் நூற்கும் தக்களிகள், தந்தச் சீப்பு, கண்ணுக்கு மை தீட்டும் செம்புக் கோல், பொன்னால் ஆன சிறு அணிகலன் துண்டுகள், சூதுபவளம் என்னும் சிவந்த மணிகள். இந்தச் சிவப்பு மணிக்கல் குசராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அரசர்களின் போர்ப் பட்டியலையே வரலாறு என்று படித்து வந்த நமக்கு, சீப்பும் மைக்கோலும் வரலாறாகக் காட்சிக்கு இருப்பதைக் காண ஒரு மகிழ்ச்சி. இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது, எழுத்துள்ள ஓடுகள். 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்ற பெயர்கள் அவற்றில் கீறப்பட்டுள்ளன. மாநிலத் தொல்லியல் துறையின் நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் இத்தகைய ஓடுகள் 56 கிடைத்தன. எழுத்துகள் ஒரே கைவண்ணத்தில் இல்லை. ஒன்று நேராக, ஒன்று கோணலாக, ஒன்று நடுக்கத்தோடு இருக்கிறது. பானை வைத்திருந்தவர்கள் தாமே தம் பெயரைக் கீறிக்கொண்டனர் என்று இதனால் ஊகிக்கின்றனர். நாம் சாப்பாட்டுத் தூக்கில் பெயர் வெட்டி வைப்பது போலத்தான்!

கடல் வணிகக் கூடத்தில் அருட்சகோதரி எங்களை நிறுத்தி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வைகை வருசநாட்டு மலையில் பிறக்கிறது. அது கடலைச் சேரும் பகுதியில், இராமநாதபுரம் மாவட்டத்தில், அழகன்குளம் என்னும் பழைய துறைமுகம் இருந்தது. அங்கே உரோமர் காசுகளும், கப்பல் கீறிய பானை ஓடும் அகழாய்வில் கிடைத்துள்ளன. கடலுக்கு அப்பால் எகிப்து நாட்டின் செங்கடல் கரையில் பெரெனிகே என்னும் துறைமுகத்தில், ஒரு கோவிலின் தரையில் புதைத்திருந்த பெரிய சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. மிளகு விளைவது மேற்கு மலைத்தொடரின் ஈரச் சரிவுகளில். நம் அப்பாமார் ஏலமும் மிளகும் எடுக்க மெட்டு ஏறுகிறார்களே, அந்த மலைத்தொடர்தான். குறிப்பிட்ட அந்த மிளகு எந்த மலையில் காய்த்தது என்று கூற இயலாது. எனினும் அந்தச் சாடியின் படத்தைப் பார்த்த எங்களுக்கு ஏதோ உறவுக்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது போல் இருந்தது. அதே எகிப்தில் குசேர் அல்-காதிம் என்னும் இடத்தில் கிடைத்த ஒரு சாடி ஓட்டில் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்று எழுதியிருக்கிறது. ஒறி என்பது நம் உறியேதான். பால் பானையைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடும் உறி, கி.மு. முதல் நூற்றாண்டிலேயே செங்கடல் வரை போய்விட்டது!

இப்படி வாய் பிளந்து நின்றபோதுதான் எங்கள் பொட்டிபுரத்துத் தோழி கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள். விளக்கம் கூறிக்கொண்டிருந்த பெரியவர் ஓட்டை வாங்கி, ஓரத்தை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கறுப்பு-சிவப்பு ஓடு அம்மா" என்றார். அவள் முகம் மலர்ந்தது. "எங்கே எடுத்தாய்?"

"எங்கள் ஊரில், ஐயா. பொட்டிபுரம்."

"ஊரில் எந்த இடம்? எவ்வளவு ஆழம்? கூட வேறு என்ன கிடந்தது?"

அவள் விழித்தாள். "தாத்தா உழும்போது கிடைத்தது என்று சொல்வார்கள். தாத்தா இறந்துவிட்டார்."

பெரியவர் ஓட்டைத் திரும்ப அவள் கையில் வைத்து, "வைத்துக்கொள் அம்மா. இதே வகை ஓடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் நாடெங்கும் செய்யப்பட்டது. இந்த ஓட்டை மட்டும் கொண்டு நான் எதுவும் சொல்ல முடியாது. முகவரி கிழிந்த கடிதம் மாதிரி இது" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் அவள் கண் கலங்கியதை நாங்கள் கண்டோம். வந்த வழியெல்லாம் பாடிய எங்களுக்கு அதன் பின் சிறிது நேரம் பேச்சு வரவில்லை.

அவர் என்ன கேட்டார், ஏன் கேட்டார் என்பதை அன்று மாலை வரை கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அதுவே இக்கட்டுரையின் பாடம். பானையை எடுத்துக்கொள்வோம். சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது உட்புறத்திற்கும் வாய்ப்பகுதிக்கும் காற்று எட்டாது. ஆகவே அவை கறுக்கும். காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கும். கறுப்பு-சிவப்புக் கலம் உண்டாகும் முறை இது. செய்முறையை ஓடே சொல்லிவிடும். காலத்தை அது சொல்லாது. காலத்தைச் சொல்வது மண். ஊரில் மனிதர் வாழ வாழ, இடிந்த சுவரும் சாம்பலும் குப்பையும் வெள்ள மண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கீழே கிடப்பது முந்தியது. மேலே கிடப்பது பிந்தியது. எனவேதான் அகழாய்வில் நிலத்தைச் சதுரங்களாக நூல் பிடித்துப் பிரித்து, மண்ணைச் சிறுகச் சிறுகச் சுரண்டி, ஒவ்வொரு பொருளும் எந்தக் குழியில், எந்த அடுக்கில், எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது என்று எழுதிய பிறகே அதை எடுக்கிறார்கள். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கரித்துண்டு கிடைத்தது. இரண்டு ஆள் உயரத்திற்கும் சற்று அதிகம்! மரம் உயிரோடிருக்கும் வரை காற்றிலிருந்து கரியைப் பெறுகிறது. அதில் கதிரியக்கமுள்ள கரி-14 என்னும் வகையும் மிகச் சிறிதளவு உண்டு. மரம் பட்டதும் வரவு நின்றுவிடும். இருப்பு மட்டும் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். மீதியை அளந்தால் மரம் பட்ட காலம் தெரியும். அமெரிக்காவில் உள்ள ஆய்வுக்கூடம் அந்தக் கரித்துண்டுக்குச் சொன்ன காலம் கி.மு. 580. கரியின் காலம் தெரிந்ததும், அதே அடுக்கில் அதனோடு கிடந்த ஓட்டுக்கும் மணிக்கும் காலம் கிடைத்துவிடுகிறது. கீழடியின் கால எல்லை பற்றி அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. ஆனால் வாதிடுவதற்கே அந்த ஆழமும் அடுக்கும் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

நம் போடிக்கே இதில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போடிநாயக்கனூர்ப் புதையல் என்று காசு நூல்களில் பெயர்பெற்ற வெள்ளிக் காசுகள் நம் ஊரில் கிடைத்தவை. வெள்ளித் தகட்டைத் துண்டாக்கி, எடைக்கேற்ப மூலையை நறுக்கி, ஞாயிறு முதலிய சின்னங்களைத் தனித்தனி முத்திரையால் அடித்த முத்திரைக் காசுகள் அவை. பின்புறத்தில் மீன் போன்ற ஒரு கோட்டுருவம் இருப்பதால் பாண்டியர் வெளியிட்டவை என்று டி. ஜி. அரவமுதன் முதலிய அறிஞர் 1940-களிலேயே எழுதினர். நம் ஊர்ப் பெயர் இப்படி அறிஞர் நூல்களில் இடம்பெற்றிருப்பதை இத்தனை நாள் அறியாமல் இருந்தோம், வெட்கம்தான். ஆனால் அவை அகழாய்வில் அடுக்கு அடுக்காகத் தோண்டி எடுத்தவை அல்ல, புதையலாகக் கிடைத்தவை. காசைப் பார்த்துக் காசைப் பற்றிச் சொல்லலாம். அதைக் கையில் வைத்திருந்தவன் எந்த வீட்டில் வாழ்ந்தான், எந்தக் கலத்தில் உண்டான் என்பதை அது சொல்லாது. 2021-இல் கீழடியிலும் ஒரு வெள்ளி முத்திரைக் காசு கிடைத்தது. அது ஒற்றைக் காசுதான். ஆனால் அதைச் சுற்றிக் கிடந்த ஊரும் உடன் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் கேள்விப்பட்டோம். கீழடியின் கதை பெரிய அறிஞர்களிடமிருந்து தொடங்கவில்லை. 1970-களில் அவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றிய பாலசுப்பிரமணியம் என்னும் ஆசிரியர், கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களைத் திரட்டித் தொல்லியலாருக்குத் தெரிவித்தார். அதன் பின் சுமார் நாற்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரைகளிலும், நம் தேனி மாவட்டம் தொடங்கிக் கடல் வரை, ஊர் ஊராக நடந்து 293 இடங்களைக் குறித்தனர். அவற்றுள் ஒன்றான கீழடியின் தென்னந்தோப்பில் 2014-15-இல் முதல் குழி வெட்டப்பட்டது. 2017-18 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை பணியை ஏற்று நடத்தியது. சில்லும் சீப்பும் உறைகிணறும் அந்தத் தோப்பின் அடியிலிருந்து வந்தவைதாம். ஒரு பள்ளி ஆசிரியர் அன்று 'பழைய ஓடுதானே' என்று விட்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தோம். வீடு திரும்பும் வழியில் இதையே பேசினோம்.

அடுத்த சனிக்கிழமை எங்களில் ஒன்பது பேர், அருட்சகோதரியோடு, பொட்டிபுரத்துக்குப் போனோம். தோழியின் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். ஓட்டைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

"இதுக்கா இம்புட்டுப் பேரு வந்தீக? உங்க தாத்தா வடக்குப் புஞ்சையில உழுகயில எடுத்தது தாயி. இல்ல... கரட்டடியிலயோ? ரெண்டு காட்டுலயும் அப்பத்தான் உழவு. அப்ப ஒரு கூடை கெடந்துச்சு. ஏனம் தேய்க்க நல்லாருக்கும்னு கொண்டாந்து போட்டாரு. நீ கூடத்தான் சின்னப்பிள்ளையில இதவச்சு நொண்டி வெளையாண்ட!"

எங்கள் தோழி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஒரு கூடை ஓடும் பாத்திரம் தேய்த்தே கரைந்துபோயிருக்கிறது. குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குச் சொல்லியாகிவிட்டது.

இரண்டு காட்டிலும் நடந்து பார்த்தோம். வடக்குப் புஞ்சையில் ஒன்றும் தென்படவில்லை. முந்தைய வாரத்து மழை கரட்டடியில் மண்ணைச் சற்று அரித்திருந்தது. அங்கே மூன்று ஓடுகள், ஒன்று கறுப்பு-சிவப்பு, இரண்டு முழுச் சிவப்பு, பாதி புதைந்து கிடந்தன. பழக்கதோஷத்தில் எங்களுள் ஒருத்தி சட்டெனக் குனிந்து ஒன்றை எடுத்துவிட்டாள். "வை! வை!" என்று எட்டுப் பேரும் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டன. வைத்தாள், ஆனால் எடுத்த இடத்திலேயே வைத்தோமா, ஒரு சாண் தள்ளி வைத்தோமா என்று அவளுக்கே ஐயம். அந்த ஐயத்தையும் எழுதிக்கொள்ளச் சொன்னார் அருட்சகோதரி. தோண்டக்கூடாது என்பதும் அவர் கட்டளை. மண்ணில் புதையல் கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறதாம். ஓட்டுக்கு யார் பத்து ரூபாய் தருவார் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு ஆசிரியை பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

கிணற்று மேட்டுப் புளியமரத்திலிருந்து தெற்கே 64 அடி அளந்தோம். ஓட்டின் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை அளவுக்கு வைத்து, ஆசிரியையின் கைப்பேசியில் படம் எடுத்தோம். கரடு, ஓடை, கிணறு, வண்டிப்பாதை எல்லாம் குறித்து வரைபடம் ஒன்று போட்டோம். அது மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. முதல் இரண்டிலும் வடக்கும் தெற்கும் இடம் மாறிவிட்டன. காட்டுக்காரரான தோழியின் சித்தப்பா, "உழவை நிறுத்தச் சொல்ல மாட்டாகல்ல?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் தம் பெயரைக் கடிதத்தில் எழுதச் சம்மதித்தார். அவர் கவலையும் கடிதத்தில் இருக்கிறது. வரைபடத்தையும் படங்களையும் இணைத்து மாநிலத் தொல்லியல் துறைக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.

மாடக்குழி ஓடு இப்போது எங்கள் வரலாற்று மன்றப் பேழையில் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்டது போலவே அதற்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டினோம். எழுத உட்கார்ந்தபோதுதான் அதில் எத்தனை கோடுகள் வெறுமையாக நிற்கும் என்று தெரிந்தது.

பொருள்: கறுப்பு-சிவப்புப் பானை ஓடு, வாய்ப்பகுதி.
ஊர்: பொட்டிபுரம்.
கிடைத்த இடம்: வடக்குப் புஞ்சை அல்லது கரட்டடி.
ஆழம்: —
உடன் கிடைத்தவை: ஒரு கூடை ஓடு. இப்போது இல்லை.
எடுத்தவர்: தாத்தா.